முப்பத்தெட்டுக் கிலோ குப்பையும் ஒரு பச்சைக் கொடியும்

தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, பரிசளிக்க வந்திருக்கும் மதிப்பீட்டாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து என்னை மேலும் நடுங்க வைக்கும் பெரியோர்களே, வீட்டிலும் குப்பையைத் தரம் பிரிக்கப் பழகிய தாய்மார்களே, மாணவச் செல்வங்களே!

என்ன, கேட்கவில்லையா? குறை ஒலிபெருக்கியில் இல்லை தம்பி, என் தொண்டையில். ஆயுள் முழுவதும் வேதியியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களோடு பேசியவன் நான். அவை ஒருநாளும் "சத்தமாப் பேசுங்க சார்" என்று கேட்டதில்லை.

பசுமைப் பள்ளி என்ற அங்கீகாரத்தின் அடையாளமான இந்தப் பச்சைக் கொடி நமக்கு எப்படிக் கிடைத்தது? மரம் நட்டதாலா? நட்டோம். மழைநீர் சேர்த்ததாலா? சேர்த்தோம். மின்விசிறியை நிறுத்தியதாலா? நிறுத்தினோம், ஆசிரியர் உள்ளே வியர்த்துக்கொண்டிருந்தபோதும் நிறுத்தினோம்! சிரிக்காதீர்கள், அந்த ஆசிரியர் நான்தான். ஆனால் கொடியைக் கொண்டுவந்தது குப்பை. முப்பத்தெட்டுக் கிலோ குப்பை!

அங்கீகாரத்துக்கு ஒரு விதி உண்டு. அன்றாடக் குப்பையை ஓராண்டு எடைபோட்டு எழுத வேண்டும். அது குறைந்திருக்கிறதா என்று மதிப்பீட்டாளர் பார்ப்பார். எடையைக் கூட்டிக் குறைத்துச் சொல்லத் தெரியாதவன் என்பதால் பதிவேட்டை என்னிடம் தந்தார்கள். பள்ளியைப் பெருக்கும் ஆயாம்மா குப்பையைத் தராசில் தூக்கி வைப்பார், நான் எழுதுவேன், இருவரும் கையெழுத்திடுவோம். பதினான்கு கிலோ பத்தானது, பத்து ஆறானது. கொடி கைக்கெட்டும் தூரத்தில்!

மதிப்பீட்டாளர் வருவதற்கு முந்தைய நாள் என்ன செய்தோம்? அவரை வரவேற்க அலங்கரித்தோம். தெர்மாகோல் அன்னம், ஜிகினாத் தோரணம், பிளாஸ்டிக் சுற்றிய பூந்தொட்டிகள். மாலையில் வெட்டியதும் மிஞ்சியதும் உடைந்த தொட்டிகளும் தராசில் ஏறின. முப்பத்தெட்டு! எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், "பசுமைப் பள்ளி ஏற்பாடுகள்" என்றும் எழுதிவிட்டேன்.

தலைமையாசிரியை அம்மா பார்த்தார்கள். இதைச் சொல்ல அவர்களிடம் நேற்றே எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிட்டேன்.

"சார், பிள்ளைங்க ஒரு வருஷம் பட்ட பாடு. முன்னாடி இருக்கிற மூணை மட்டும் அடிச்சிடுங்களேன்."

மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. "சரிங்கம்மா" என்று பேனாவைத் திறந்தேன். பக்கத்தில் ஆயாம்மா.

"எட்டு கிலோவா சார்? அப்ப என் இடுப்பு பொய் சொல்லுதா? தூக்கினது நான். எட்டுன்னா என் கையெழுத்தை எடுத்திடுங்க."

பேனாவை மூடிவிட்டேன். வீரத்தால் அல்ல, பயத்தால்! அம்மாவிடம் பயம் ஒரு பங்கு என்றால் ஆயாம்மாவிடம் இரண்டு பங்கு. அன்றிரவு உறக்கமில்லை. பிள்ளைகளின் உழைப்பைக் கெடுத்த கிழவன் நான்தானோ என்று உருண்டேன், புரண்டேன்.

மறுநாள் ஐயா பதிவேட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது.

"நேத்து மட்டும் ஏன் இவ்வளவு?"

"உங்களுக்காகத்தான் ஐயா" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

எட்டாம் வகுப்பு மாணவி, சுற்றுச்சூழல் குழுத் தலைவி, எழுந்தாள். "சார், காலைல கூட்டம் போட்டோம். இனிமே யார் வந்தாலும் அலங்காரம் கிடையாது. நீங்க வந்தாலும்தான்."

ஐயா சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நான் போற பள்ளிக்கூடத்துல எல்லாம் குப்பையே இருக்காது. எங்கே போச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. இங்கதான் முதல் தடவையா நான் உண்டாக்கின குப்பையையே எனக்குக் காட்டியிருக்காங்க. கொடி இவங்களுக்குத்தான்."

அன்பர்களே, பசுமை என்பது பளபளப்பா? பதாகையா? பந்தலா? இல்லை! செய்ததைச் செய்தபடி எழுதுவது. எழுதியதைக் கண்டு வெட்கப்படுவது. வெட்கப்பட்டதை மறுநாளே மாற்றுவது! அதனால்தான் இன்று இந்த மேடையில் தோரணமில்லை. ஒரு பழைய மேசை, நான்கு நாற்காலிகள், ஓர் ஒலிபெருக்கி.

ஆனால்... ஐயா எனக்கு அன்போடு ஒரு பூங்கொத்து தந்தார். அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை. மேடை ஓரத்தில் ஆயாம்மா தராசோடு நிற்பதைப் பாருங்கள். என்னம்மா சொல்கிறீர்கள்?

"பதினாலு கிராம் சார்!"

ஐயா, பொறுத்தருள வேண்டும். காரணக் கட்டத்தில் இந்த முறை உங்களைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி சொல்லி, ஒரு கையில் பூவும் மறு கையில் பேனாவுமாக வணங்கி அமர்கிறேன்.