ப்ளோயரா, வயரா?

ஃபெமினா: அதான் சொல்றேனே, ப்ளோயர்லயே சிப்பை ஒட்டிருங்க. பேஸ்ட்டைத் தடவி, சூடு காத்தை அடிச்சா ஒரே மூச்சுல வேலை முடிஞ்சுது.

லியோ: முடியும்தான். பக்கத்துல இருக்க பிளாஸ்டிக் சாக்கெட்டும் சேந்து உருகிரும்.

ஃபெமினா: அப்ப... திருச்சிக்கு அனுப்பிருவோம்.

லியோ: கடைக்கு ஒம் பேரை வச்சிட்டுத் திருச்சிக்கு அனுப்பவா? ஜப்பான்லேருந்து ஆசையாத் தூக்கிட்டு வந்த கேம் பெட்டி. இங்க வாங்குன டிஸ்க்கு எதுவும் ஓடலை, ஓட வைக்கிற சிப்பைப் போட்டுக் குடுன்னு சேரன் சார் ஒன்னைய நம்பித்தான வச்சிட்டுப் போனாரு? எப்பவும் போல, முடி மாதிரி வயரை இழுத்து சால்டரிங் அயர்ன்ல ஒண்ணொண்ணா வச்சிரு.

ஃபெமினா: அது வந்து... எனக்கு முதுகு வலிக்குது.

லியோ: நேத்து தலைவலின்ன?

ஃபெமினா: நேத்து தலை, இன்னைக்கு முதுகு. பொண்டாட்டிக்கு ரெண்டு எடத்துல வலிக்கக் கூடாதா?

லியோ: சரி சரி, எந்திரி. வயரை நான் வைக்கிறேன்.

ஃபெமினா: நீங்களா! கல்யாணமான புதுசுல, எங்கப்பா ரேடியோவுல ஒத்த வயரை ஒட்டுறேன்னு மேசை விரிப்பைப் பொசுக்குன ஆளு...

லியோ: அதையே எத்தனை வருசத்துக்குச் சொல்லுவ? அங்கிட்டு, வாசப்பக்கம் நாற்காலியைப் போட்டு உக்காரு. புகை வரும்.

ஃபெமினா: இருங்க... அது என்ன, உருக்கி ஒட்டுறதுக்குப் புதுக் கம்பி?

லியோ: ஈயம் கலக்காதது.

ஃபெமினா: அதுக்குச் சூடு கூட வேணுமேங்க! போர்டுல இருக்க செம்பு உரிஞ்சு வந்துட்டா அம்புட்டுதான். நாம எப்பவும் ஈயம் கலந்ததுதான போடுவோம்?

லியோ: சேரன் சார் இதத்தான் போடச் சொன்னாரு.

ஃபெமினா: அவருக்கு அயர்ன் எது, தோசைக்கரண்டி எதுன்னே தெரியாது!

லியோ: பேசாம இரு... கை அசையுது.

ஃபெமினா: மாதாவே... நுனியை அழுத்தாதீங்க. தொட்டு... எடுத்துருங்க. ஐயோ, நான் பாக்க மாட்டேன்.

லியோ: இப்பப் பாரு.

ஃபெமினா: ...ஒட்டிருச்சா?

லியோ: லென்ஸை வச்சுத்தான் பாரேன்.

ஃபெமினா: என்னங்க இது... முத்து மாதிரி உக்காந்துருக்கு! எப்படிங்க?

லியோ: பாத்தாச்சுல்ல, தள்ளிப் போ. இன்னும் இருக்கு... சூடா வேற இருக்கு, கிட்ட வராத... ம். இது... இது கடைசி. அவ்வளவுதான். சுவிட்சைப் போடு.

ஃபெமினா: லைட்டு எரியுது... டிஸ்க்கு சுத்துது... ஏங்க! படம் வந்துருச்சுங்க!

லியோ: வந்துருச்சுல்ல? அப்புறம் எதுக்குக் கண்ணைத் தொடைக்கிற?

ஃபெமினா: ஒங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். தலைவலியும் இல்ல, முதுகுவலியும் இல்ல...

லியோ: ம்.

ஃபெமினா: நாள் தள்ளிப் போயிருக்கு. டாக்டரம்மாவும் ஆமான்னுட்டாங்க. வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னுதான் நான் ஈயத்தைத் தொடல. போன தடவை நம்ம ஆவூரு பூரா சொல்லி, அப்புறம் தங்காமப் போனப்ப... கேட்ட ஒவ்வொருத்தருக்கும் நீங்கதான பதில் சொன்னீங்க? ஒங்க மூஞ்சியை இன்னொரு தடவை அப்படிப் பாக்க எனக்குத் தெம்பு இல்லைங்க. கொஞ்சம் நிலைக்கட்டும், அப்புறம் சொல்லுவோம்னு... கோவமா?

லியோ: ...கோயில்ல எப்பவும் நம்ம ரெண்டு பேருக்குன்னு ரெண்டு மெழுகுத்திரிதான் ஏத்துவ. போன மாசம் மூணு ஏத்துன. பின்னாடிதான் நின்னுக்கிட்டு இருந்தேன். நீயாச் சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன். அந்தக் கம்பியும் சேரன் சார் சொல்லல, ஒனக்காக நானா வாங்குனது. சாயங்காலமானா பாட்டுப் பழகப் போறேன்னு கெளம்புனேன்ல... பாட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆண்ட்ரூஸ் மச்சான் சர்வீஸ் கடையில, செத்த போர்டாப் பொறுக்கி வச்சு, எனக்கு ஒன் கை வர்ற வரைக்கும் வயரை ஒட்டிப் பழகுனேன்.