பதினாறாம் வாரத்துக் கணிப்பு

டாக்டர் பாங்: சட்டையைப் போட்டுக்குங்க கில்சு ஐயா. முதுகு, முழங்கை, முட்டி... எங்கேயும் ஒரு செதில்கூட இல்லை.

மிரான்: பார்த்தீங்களா? நான் சொன்னா அது பொண்டாட்டி பேச்சு. டாக்டர் சொன்னா...

கில்சு: நீ கொஞ்சம் இரு மிரான். டாக்டர், இது எவ்வளவு நாள் தாங்கும்?

டாக்டர் பாங்: ஒரு வருஷமாத் தாங்குதே.

கில்சு: இன்னும் மூணு வருஷம்? அஞ்சு?

மிரான்: ஊசி போட்டுக்க வந்தீங்களா, ஜோசியம் கேக்க வந்தீங்களா?

கில்சு: உனக்கென்ன... டாக்டர், நான் பொதுக் குளியல் கூடம் நடத்தறவன். சொரியாசிஸ் வந்ததுலேர்ந்து பதினோரு வருஷமா எல்லாரும் துணியில்லாம ஒண்ணா உக்கார்ற என் வெந்நீர்த் தொட்டியில நானே கால் நனைச்சதில்ல.

மிரான்: வீட்டு ஷவர்லதான் குளிக்கறார், டாக்டர். ஆம்பளைங்க பக்கம் வர்ற பெருசுங்க என்ன பேசுது தெரியுமா? முதலாளிக்குத் தலைக்கனம், நம்மகூட உக்கார மாட்டாராம்.

கில்சு: ஒரு தடவை இறங்கிட்டா அப்புறம் ஒளிய முடியாது. மறுபடி செதில் வந்துச்சுன்னா குன்சான் ஊர் முழுக்கப் பேச்சாயிடும். ஒருத்தர்கூட வரமாட்டாங்க. அதான்... கணிச்சுச் சொல்லுங்க.

டாக்டர் பாங்: அப்பவே சொன்னேனே. ஊசி ஆரம்பிச்ச பதினாறாம் வாரத்துல எவ்வளவு மறைஞ்சிருக்கோ, அதை வச்சுத்தான் பின்னாடி நிலைக்குமான்னு பெரும்பாலும் கணிப்போம்.

கில்சு: அது... அந்தப் பதினாறாம் வாரம்...

டாக்டர் பாங்: சொல்லுங்க.

கில்சு: இவ கொஞ்சம் வெளிய இருக்கட்டுமே.

மிரான்: நகர மாட்டேன்.

கில்சு: ...அன்னிக்கு நான் காட்டினது என் தோலே இல்ல, டாக்டர்.

டாக்டர் பாங்: பின்னே யாருது?

கில்சு: அழுக்குத் தேய்க்கிற சொரசொரப்பான பச்சைத் துண்டால செதிலை எல்லாம் தேய்ச்சு எடுத்துட்டேன். அதுக்கு மேல... இவ முகத்துக்குப் பூசற குஷன் மேக்கப் டப்பா இருக்கே...

மிரான்: ஓ. அது நீங்கதானா? புது டப்பா ஒரே நாள்ல காலி. நான் உங்க தங்கச்சியைச் சந்தேகப்பட்டு ரெண்டு மாசம் முகம் குடுத்துப் பேசல.

கில்சு: பன்னெண்டாம் வாரம் என் தோலைப் பார்த்ததும் டாக்டர் முகம் வாடிப்போச்சு. பாவமா இருந்துச்சு. இவ்வளவு பாடுபடறாங்களே, நம்மால அவங்களுக்கு ஒரு நல்ல சேதி...

டாக்டர் பாங்: எனக்காகவா?

கில்சு: பொய்த் தோலைப் பார்த்துச் சொன்ன கணிப்பு. அதை நம்பி நான் எப்படி இறங்குவேன்?

டாக்டர் பாங்: ஹ... ஹஹ்ஹா.

மிரான்: ஏன் டாக்டர் சிரிக்கறீங்க?

டாக்டர் பாங்: அன்னிக்கு என் கையுறை முழுக்கப் பூச்சு. அதுவும் இவர் நிறத்தைவிட ரெண்டு பங்கு வெளுப்பு.

கில்சு: தெரிஞ்சேவா...

டாக்டர் பாங்: தோலோட தடிப்பை விரல் சொல்லிடும் ஐயா. நிஜ அளவைத்தான் எழுதினேன். கணிப்பும் அதை வச்சுத்தான். மூணு வருஷம் நிலைக்க, நூத்துக்கு முப்பது.

கில்சு: முப்பதா? எங்கிட்ட நல்லாத் தாங்கும்னு சொன்னீங்க.

டாக்டர் பாங்: சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. முப்பதுன்னு கேட்டா ஊசியையே விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு பயம். மருந்துக்கு மெதுவா மசியற உடம்பும் உண்டு... உங்க உடம்பு அந்த ரகம்.

மிரான்: நல்லா இருக்கே. உங்க முகம் வாடக் கூடாதுன்னு இவர் பொய். இவர் முகம் வாடக் கூடாதுன்னு நீங்க பொய். நடுவுல போனது என் டப்பா.

டாக்டர் பாங்: இப்போ மறைக்காமச் சொல்றேன். ஒரு வருஷம் சுத்தமா இருக்கறதால பழைய முப்பது செல்லாது. இனி நிலைக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா உத்தரவாதம் தரமாட்டேன். திரும்பி வந்தா வேற ஊசி இருக்கு. இறங்கறது உங்க இஷ்டம்... பச்சைத் துண்டு மட்டும் கூடாது.

மிரான்: வர்ற சனிக்கிழமை இறங்கிடுங்க. கல்லாவை நான் பார்த்துக்கறேன்.

கில்சு: சனிக்கிழமையா? அது வந்து...

மிரான்: என்ன, இன்னுமா பயம்?

கில்சு: இல்ல... போன சனிக்கிழமையே இறங்கிட்டேன், சொல்லத்தான் தயங்கினேன். நீ பொம்பளைங்க பக்கம் கழுவிவிட்டுக்கிட்டு இருந்தப்போ. கண்ணை இறுக்க மூடிக்கிட்டுத்தான் உக்கார்ந்தேன். பெருசுங்க எல்லாம் என் உடம்பையே உத்துப் பார்த்தாங்க. அப்புறம் ஒருத்தர் கேட்டார்... 'ஏன் தம்பி, இந்தத் தொப்பையை மறைக்கவா பதினோரு வருஷம் வராம இருந்தே?'