பின்னாடி வண்டி இல்லை

கொஞ்சம் இருங்க... பிள்ளை வளர்ப்பு பத்திப் பேச வந்தவன், நடுவுல ஒரு வண்டிக் கதையைச் சொல்லிட்டு மேல போறேன். சின்னதுதான்.

மெல்போர்ன்ல அருளப்பன்னு ஒருத்தர். தோட்டவேலைக்குக் கல்லு, மண்ணு இழுக்கிறவர். முன்னாடி அவர் பிக்கப், பின்னாடி கல்லு ஏத்தின டிரெய்லர். அந்த டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டு. ஸ்டியரிங் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி இருக்கும். இவர் பிரேக்கை மிதிச்சா, பெட்டி ஒயர் வழியா கரண்ட் அனுப்பி, டிரெய்லர் சக்கரத்தையும் பிடிக்கும். புரியுதா?

ஒருநாள் அந்தப் பெட்டியில என்ன எழுத்து வருது? "பின்னாடி வண்டி இல்லை."

அருளப்பன் கண்ணாடியில பாக்கிறார். டிரெய்லர் மலை மாதிரி நிக்குது! கொக்கி மாட்டியிருக்கு, சங்கிலி போட்டிருக்கு. "இம்மாம் பெரிசு நிக்குது... இல்லைங்குதே! பெட்டி கெட்டுப்போச்சு." கழட்டி எறிஞ்சார். புதுசு மாட்டினார். புதுசு என்ன சொல்லுது? "பின்னாடி வண்டி இல்லை."

பக்கத்து சீட்டுல அவர் சம்சாரம், லில்லி புஷ்பம். "ஏங்க... ரெண்டு பெட்டியும் ஒண்ணையேதான சொல்லுது? இறங்கி அந்த ஒயரைப் பாருங்களேன்."

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியாதா?"

கறுப்பு டேப்பை எடுத்தார்... பெட்டி மூஞ்சியில ஒட்டினார்.

சமதரையில ஒண்ணும் தெரியல. அப்புறம் இறக்கம் வந்துச்சு. மிதிக்கிறார்... பிக்கப் நிக்கப் பாக்குது. கல்லு நிக்குமா? பின்னாடி இருந்து தள்ளுது... தள்ளுது... பிக்கப்பைக் குறுக்கத் திருப்பி, லில்லி உக்காந்திருந்த பக்கமா மரத்துல கொண்டுபோய் அடிச்சுது.

அவர் பிழைச்சார். அந்தம்மா... போயிட்டாங்க.

அடக்கம் முடிஞ்சு அருளப்பன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். "ஒயர் மாட்டுற பிளக்குல களிம்புய்யா, கரண்டே போகலை! அவ்வளவுதான்... துணி வச்சுத் துடைச்சா போயிருக்கும். அந்தப் பெட்டி சொல்லுச்சே... அவளும் சொன்னாளே..."

தாய்மாரே, தகப்பன்மாரே... உங்க வீட்டுல ஒரு பிள்ளை சொல்லுது, "எனக்கு யாருமே இல்லை." நீங்க என்ன சொல்றீங்க? "நாங்க இத்தனை பேரு குத்துக்கல்லாட்டம் இருக்கோமே, கண்ணு தெரியலையா?" ஒரே வீடு, ஒரே சாப்பாடு... கொக்கி மாட்டித்தான் இருக்கு. கரண்ட் போகுதா? பாத்தீங்களா? ஸ்கூலை மாத்துறீங்க, ரூமை மாத்துறீங்க, அப்பவும் சொன்னா வாயில டேப் ஒட்டுறீங்க! அந்தப் பிள்ளை பொய் சொல்லலைங்க.

துடைக்கிறதுக்கு ஒரு பழந்துணி போதும். ஆனா வண்டி மேட்டுல நிக்கும்போதே இறங்கித் துடைக்கணும். இறக்கத்துல முடியாது... இங்க எத்தனை பேரு ஏற்கனவே இறக்கத்துல இருக்கீங்களோ, எனக்குத் தெரியல. பயமா இருக்கு.