மீன்கொத்திக்கு நட்ட கொம்பு

புது ஊருக்குப் போனால் எல்லோரும் முதலில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். நான் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று விசாரிப்பேன். தண்ணீருக்கு எல்லா உயிரும் ஒருநாள் வந்தே தீரும். பிறகு வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, பின்னால் கண்ணை உறுத்தும்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் தலைபோகிற ரகசியம் எதுவும் இல்லை, சார்.

என் மைத்துனனுக்கு அந்தக் கடைசி வேலைதான் வராது. மனைவியின் ஒரே தம்பி. லென்ஸைத் துடைப்பதிலிருந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பல வருடம் அலைந்து கண்டுபிடித்த ஓர் ஆந்தைக் கூட்டை அவனை நம்பிக் காட்டினேன். மறுநாளே படத்தையும் இடத்தையும் சேர்த்து இணையத்தில் போட்டுவிட்டான். அந்த வாரமே மரத்தடியில் சந்தைக் கூட்டம். தாய் ஆந்தை கூட்டுப் பக்கம் திரும்பவில்லை, குஞ்சுகள் செத்துப்போயின.

அந்தப் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. மேடையில், "வண்டி ஓட்டிக் கூட்டிட்டுப் போன எங்க அத்தானுக்கு நன்றி" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வண்டி ஓட்டியதற்கு.

"சின்னப் பையன், விடுங்க. அவன் பேர் வாங்கினா நமக்குத்தானே பெருமை" என்றாள் மனைவி. விட்டுவிட்டேன். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. குஞ்சுகளை நினைத்துத்தான் வருத்தம்.

இந்த விடுமுறைக்கு மூன்று பேரும் அந்த ஆற்றங்கரை விடுதிக்குப் போனோம். போன அன்றே ஆற்று வளைவில் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டேன். கரையோரத் தண்ணீரில் ஒரு காய்ந்த கொம்பை நட்டேன். மீன்கொத்திக்கு உட்கார வசதியாக ஒரு கொம்பு கிடைத்தால் தினமும் அதற்கே வரும். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். கரையில் ஒரு பலகை இருந்தது, முதலை ஜாக்கிரதை என்று சிவப்பு எழுத்தில். படத்தில் விழுந்தால் பின்னணி கெட்டுவிடும். பிடுங்கிப் புதருக்குள் போட்டேன்.

மைத்துனன் இடத்தைப் பார்த்ததும் துள்ளினான். "அத்தான், கலக்கிட்டீங்க! நான் எங்க உக்காரணும்?"

"உக்காராத. தண்ணி ஓரமா குப்புறப் படு. லென்ஸ் தண்ணி மட்டத்துக்கு இருந்தாத்தான் பறவை கண்ணுக்கு நேரா படம் வரும்."

"நீங்க?"

"நான் எதிர்க்கரையில இருக்கேன். தினமும் இதே நேரத்துக்கு வந்து இதே இடத்துல படு. இடத்தை மாத்தினா பறவை மிரண்டுடும்."

நான் பொய் சொல்லவில்லை. பறவைக்கு அப்படித்தான். முதலைக்கும் அப்படித்தான். அது அவசரப்படாது. ஓர் உயிர் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வருகிறதா என்று தண்ணீருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஆற்றோரம் படம் எடுக்க வருகிறவன் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது. அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

முதல் நாள் அதன் கண்கள் நடு ஆற்றில் தெரிந்தன. அடுத்த நாள் கொம்புக்குப் பக்கத்தில். அதற்கடுத்த நாள் தெரியவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று சாப்பிடும்போது அவன் அக்காவுக்குப் படங்களைக் காட்டினான். "இந்தத் தடவையும் பரிசு எனக்குத்தான் அக்கா. டிரைவர் மட்டும் மாறவே மாட்டார்!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அவன் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தேன். காலையில் வெகுநேரம் படுத்திருக்க வேண்டுமே.

மறுநாள் காலை மீன்கொத்தி வாயில் மீனோடு கொம்பில் வந்து உட்கார்ந்தது. அவன் எடுத்து முடித்து, கேமராவிலிருந்து முகத்தை நிமிர்த்தி, என்னைப் பார்த்துச் சிரித்தான். கட்டைவிரலை உயர்த்தினான். அவனுக்கு முன்னால் தண்ணீர் லேசாகப் புடைத்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், சார். கூப்பிடவில்லை. இயற்கையில் நடப்பதில் நாம் தலையிடக் கூடாது, எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான். கேமராப் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

"அவனோட கடைசிப் படம் ஏதாவது இருக்கா?" என்று மனைவி கேட்டாள். சிரிக்கிற முகத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். "எவ்வளவு சந்தோஷமா இருக்கான் பாருங்க" என்று அதைத் தடவித் தடவி அழுகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

புதரில் பலகை கிடைத்தபோதே நீங்கள் வருவீர்கள் என்று தெரியும். முழுப் படமும் இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது? அவனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் குஞ்சுகளுக்காகத்தான் செய்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் படம் எப்படியும் பத்திரிகைக்குப் போகும். வாழ்நாளில் ஒரு முறைதான் இப்படி அமையும், சார். கீழே இடத்தின் பெயரைப் போட வேண்டாம், கூட்டம் வந்துவிடும். எடுத்தவர் பெயரை மட்டும் மறக்காமல் போடச் சொல்லுங்கள்.