பழகாத தண்ணீரின் தீர்ப்பு

தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் இந்தச் சலவைத் திரவப் பட்டறையின் முதலாளி, என் உடன்பிறந்த அக்கா அவர்களே! அவர் பக்கத்தில் வேர்த்துக்கொண்டிருக்கும் என் அத்தான் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! அழுக்கோடு மல்லுக்கட்டி உள்ளங்கை தேய்ந்த தாய்மார்களே! பட்டறைத் தோழர்களே! தண்ணீரைச் சோதிப்பதே தொழிலாகக் கொண்ட இந்தத் தங்கையின் வணக்கம்.

புதுத் திரவத்தின் வெளியீட்டு விழா என்று அழைத்திருந்தோம். பாட்டில் எங்கே என்று ஓரத்தில் ஓர் அண்ணன் கேட்கிறார். வருகிறேன் அண்ணே, அதைச் சொல்லத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

எண்ணெயை இளக்கி, அழுக்கை அகற்றி, நுரையாய்ப் பொங்குகிறதே ஒரு ரசாயனம், துணியை விட்ட பின் அது எங்கே போகிறது? வாய்க்காலுக்கு. வாய்க்கால் எங்கே போகிறது? ஆற்றுக்கு. ஆற்றில் அதை அழிப்பவர் யார்? நீங்களா? நானா? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை தின்றால் மக்கும், தின்னாவிட்டால் தேங்கும். நுண்ணுயிர் உள்ள தண்ணீரில் ஒரு துளி திரவத்தை விட்டுப் பாட்டிலை மூடிவைப்போம். அவை தின்னத் தின்ன உள்ளே ஆக்சிஜன் குறையும். நான்கு வாரத்தில் பத்தில் ஆறு பங்கு தின்றிருந்தால் தேறிவிட்டது என்று பொருள்.

அக்காவின் திரவம் அமோகமாகத் தேறியது. எனக்குத்தான் உறுத்தியது. புதுச் சாப்பாட்டைக் கண்டால் எந்த உயிரும் கொஞ்சம் தயங்கும். இவையோ முதல் நாளே பந்தியில் உட்கார்ந்துவிட்டன.

"அத்தான், அந்தத் தண்ணிய எங்கேருந்து எடுத்தீங்க?" என்றேன்.

"நம்ம பட்டறை வாய்க்கால்லதான்மா. நீ சொன்ன சுத்திகரிப்பு நிலையம் ரொம்ப தூரம். எல்லாம் சாக்கடைதானே?"

கேட்டீர்களா? சோதனைக்குக் காய்ச்சி அந்த வாய்க்காலில் கொட்டிய நம் திரவத்தையே தின்று வளர்ந்த கூட்டத்திடம் நம் திரவத்துக்கே தீர்ப்புக் கேட்டிருக்கிறோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. மனைவி கரண்டியோடு நிற்கும்போது சாம்பார் எப்படி என்று கணவனைக் கேட்டால் என்ன சொல்வான்? பின்வரிசை அம்மா சிரிக்கிறார்கள், அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து, நம் திரவத்தை அறியாத தண்ணீரை எடுத்துவந்து மறுபடி வைத்தேன். நேற்றுக் காலை முடிவு வந்தது. அந்த நுண்ணுயிர்கள் பத்தில் மூன்று பங்கோடு கையை உதறிவிட்டன.

பட்டறைக்குப் போனேன். பெட்டி பெட்டியாய்ப் பாட்டில்கள் அடுக்கியிருந்தன. இந்தத் திரவத்துக்காக அக்கா தூக்கம் கெட்ட கதை ஊருக்கே தெரியும். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இத வித்தா ஆறு என்னடி ஆகும்?"

"கரையெல்லாம் நுரை ஒதுங்கும். மீனு தாங்காதுக்கா."

"நாலு ஊருக்குச் சொல்லியாச்சேடி..." என்றவள், பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைத் தடவினாள். பிறகு சொன்னாள்: "விழாவ நிறுத்த வேண்டாம். எல்லாரும் வரட்டும். நீயே மேடை ஏறிச் சொல்லிடு. நான் சொன்னா அழுதுடுவேன்."

அவையோரே, சட்டத்துக்குப் பயந்தாளா? முதல் சோதனையில் தேறிய சான்றிதழ் கையில் இருந்தது. கண்டுபிடிக்க ஆள் இருந்தார்களா? நானும் அத்தானும்தான். மறைத்திருந்தால் மாலை விழுந்திருக்கும், மேளம் முழங்கியிருக்கும். மறைக்க மனம் வரவில்லை என் அக்காவுக்கு!

திரவம் எப்போது வரும் என்கிறீர்களா அண்ணே? நம்மை அறியாத தண்ணீர் சரி என்று சொல்லும் அன்றைக்கு வரும். அதுவரை பட்டறையில் பழைய சோப்புக்கட்டி ஓடும். யாருக்கும் வேலை போகாது.

வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறீர்கள். போகுமுன் அந்த வெறுங்கைகளை என் அக்காவுக்காக ஒருமுறை தட்டிவிட்டுப் போங்கள். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.