பூட்டை உடைத்தவன்

"ஹலோ... மச்சானா? நான்தான்... ஆமா, நானேதான். வெச்சிடாதீங்க, ஒரு நிமிஷம்..."

மூட்டை தூக்கித் தூக்கி விட்டுப்போன இடுப்பு. காலையிலிருந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றதில் நெருப்பாய்க் காந்தியது. சுவரில் சாய்ந்துகொண்டான்.

"பாப்பாவுக்கு ரத்தம் எடுத்தாங்கல்ல, ரிசல்ட் வந்துடுச்சு... மூச்சு வாங்குது மச்சான். மூணு மாசத்துல ஒம்பது கிலோ ஏறிட்டா... ஆமா... ஆமா, நான் போட்ட சோறுதான். திட்டுங்க."

மறுமுனை திட்டியது. வாங்கிக்கொண்டான்.

"சரி... சரி... முடிச்சிட்டீங்களா? டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன். உடம்புல மரபணுன்னு இருக்காம், எல்லாமே ரெண்டு பிரதியாம். அப்பன் கொடுக்கறது ஒண்ணு, அம்மா கொடுக்கறது ஒண்ணு. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு தாங்கிடும். ஆனா பசியை அடக்குற அந்த ஒரு இடத்துல மட்டும், அம்மா கொடுத்தது நல்லா இருந்தாலும் வாயே திறக்காதாம். எல்லாருக்கும் அப்படித்தானாம், எலிக்குக்கூட. அங்க அப்பன் கொடுத்ததுதான் வேலை செய்யணும்... பாப்பாவுக்கு அதுதான் துண்டா விழுந்துபோச்சு... ஆமா. என் பக்கம்தான். உங்க தங்கச்சி பக்கம் ஒரு குறையும் இல்ல... இல்ல மச்சான், யார் தப்பும் இல்லைன்னுதான் டாக்டரம்மா சொல்றாங்க. ஆனா பாவம் ஓரிடம், பழி ஓரிடமா..."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"அவ சோத்து அலமாரியைப் பூட்டினப்போ, பெத்த புள்ளையைப் பட்டினி போடுற பேய்னு குடோன் பூரா சொன்னேன். கடப்பாரையால பூட்டை உடைச்சேன். வயிறார நானே போட்டு வளக்கறேன்னு புள்ளையைப் பிடுங்கிக்கிட்டு, அவளை வெளியே தள்ளினேன்... பாப்பாவுக்கு வயிறு நிறைஞ்சதே தெரியாதாம் மச்சான். பூட்டறதுதான் மருந்தாம். 'இத்தனை வருஷம் ஒழுங்கா பாத்துக்கிட்டது யாரு?'ன்னு டாக்டரம்மா கேக்குறாங்க... பக்கத்துலதான் இருக்காளா? கொடுங்க... பேச வேண்டாம், காதுல மட்டும் வைங்க."

மூச்சுச் சத்தம் கேட்டது. அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

"நான்தான்... பாப்பா தூங்குறா. பக்கத்துக் கட்டில் ஆளோட ரொட்டியைத் தலகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டு தூங்குறா... சிரிக்கிறியா, அழறியா?... புதுப் பூட்டு வாங்கிட்டேன். நல்ல கனம். ரெண்டு சாவி, ரெண்டும் உனக்குத்தான்... அலமாரிக் கீலும் மாத்திட்டேன்... முனகினேனா? இடுப்புதான், வேற ஒண்ணுமில்ல... கேக்குதா? இன்னொண்ணு சொல்லணும், எப்படிச் சொல்றதுன்னுதான்... ஹலோ?... ஹலோ?"

அவள் வைத்தாளா, லைன் தானாகப் போனதா, தெரியவில்லை. பூட்டு, சாவி, கீல் எல்லாம் சொல்லியாயிற்று. அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் பாக்கி.