வாங்கில் இருந்த பேர்

— அந்த லைட்டிலை வலக்கைப் பக்கம் திருப்புங்கோ.

— ஏன் திருப்ப? பொலிஸ் ஸ்டேசன் நேரை எல்லே கிடக்கு.

— தேங்காய் முடிஞ்சுது. தமிழ்க் கடைக்கு ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம்.

— விசர்க் கதை கதையாதை தவமணி. பொலிசுக்குப் போற வழியிலை தேங்காயோ?

— இரவைக்குச் சம்பலுக்கு என்ன செய்யிறது?

— சம்பல் இல்லாமல் ஒரு நாள் தின்னலாம். முதல்லை பார்க் வாங்கிலை பூட்டியிருந்த என்ரை பிள்ளையின்ரை நினைவுத் தகட்டைக் கழட்டின கள்ளனைப் பிடிச்சுக் குடுத்திட்டு வருவம்.

— கழட்டினதை நீங்கள் கண்டனீங்களே?

— வானைக் கண்டனான். அன்புராசான்ரை வான் பார்க் கரையிலை நிண்டது. நம்பரை எழுதிச் சட்டைப் பொக்கற்றுக்கை வச்சிருக்கிறன்.

— வான் நிண்டால்? அந்தப் பெடியன் பழைய ஃபிரிட்ஜ், அடுப்பு, கட்டில் எண்டு றோட்டிலை எறியிறதைப் பொறுக்கி விக்கிறவன். அவன்ரை வான் எங்கையும்தான் நிக்கும். எங்கடை பில்டிங்குக்கு முன்னாலையும் நிக்கும்.

— அதைத்தானே நானும் சொல்லுறன். இரும்பு விக்கத் தெரிஞ்சவனுக்குப் பித்தளை விக்கத் தெரியாதே? ரீவியிலை பாத்தனீயெல்லே. பார்க் பார்க்காத் திரிஞ்சு பதினொரு தகடு. எல்லாம் செத்த ஆக்களின்ரை ஞாபகத்துக்கு வச்சது. அதையும் உரிச்சுக்கொண்டு போய் உருக்கக் குடுக்கிறாங்கள், நாசமறுவாங்கள்.

— ரீவியிலை அன்புராசா எண்டு சொன்னவையே?

— நீ ஏன் இப்ப அவனுக்கு வக்காலத்து வாங்கிறாய்?

— வக்காலத்தில்லை. அவன்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. வாற மாதம்தான் விசாரணை. இந்த நேரம் பொலிசிலை களவெண்டு ஒரு எழுத்து விழுந்தால், பிடிச்சுப் பிளேனிலை ஏத்திவிட்டிடுவாங்கள். அங்கை இறங்கினால் என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியாதே?

— தெரியும்... அது களவெடுக்க முதல் யோசிச்சிருக்க வேணும்.

— அவன் எடுக்கேல்லை.

— உனக்கென்னெண்டு தெரியும்?

— ... லைட் பச்சை விழுந்திட்டுது. பின்னாலை ஹோன் அடிக்கிறாங்கள்.

— அடிக்கட்டும். நான் கேட்டதுக்குச் சொல்லு.

— முதல்லை காரை எடுங்கோப்பா! இருக்கிற கரைச்சலுக்கை இதுவும் வேண்டாம்.

— எடுத்தாச்சு. இஞ்சேர், உனக்கு என்ரை மனம் விளங்கேல்லை. எங்கடை பிள்ளைக்கு இந்த நாட்டிலை ஒரு குழி கூட இல்லை. எரிச்சு, சாம்பலையும் ஏரியிலை கரைச்சாச்சு. ஒரு பூ வைக்கிறதெண்டாலும் பார்க்கிலை குந்தியிருக்கிற அந்த வாங்குதான், அந்தத் தகடுதான். அதையும் ஒருத்தன் கழட்டிக்கொண்டு போக, நான் பாத்துக்கொண்டிருக்கிறதே?

— பிள்ளைக்கு வச்ச தகடோ? பிள்ளையின்ரை பேர் அதிலை எங்கை கிடந்தது?

— திரும்பவும் தொடங்காதை.

— தொடங்குவன். கஜீவன் எண்டு ஒரு எழுத்துக் கிடந்ததே? "அருள்நாயகம் நினைவாக, பின்னேர ஷிப்ட் நண்பர்கள்" எண்டு இங்கிலீசிலை வெட்டிக் கிடந்தது. அருள்நாயகம் ஆர்? பக்கத்திலை இருந்து கார் ஓடுற நீங்கள்!

— எத்தினை தரம் விளங்கப்படுத்தினனான்? இஞ்சை அப்பன்ரை பேர்தான் பிள்ளைக்குக் கடைசிப் பேர். என்னோடை கிளீனிங் வேலை செய்த சனம். அதுகளுக்கு என்ரை பேர்தான் தெரியும். மகன் செத்திட்டான் எண்டவுடனை கடைசிப் பேரை மட்டும் அடிச்சுப்போட்டுதுகள். பாவங்கள், நல்ல மனசிலை செய்ததுகள்.

— நல்ல மனசோ! சவ வீட்டுக்கு ஒரு சனம் எட்டிப் பாக்கேல்லை.

— ஷிப்ட் வேலை. லீவு குடுக்கமாட்டாங்கள்.

— உங்களிட்டை எல்லாத்துக்கும் ஒரு மறுமொழி இருக்கு. எங்களோடை பழைய பில்டிங்கிலை இருந்த றீற்றா வந்த அண்டைக்கு மட்டும்தான் வாயடைச்சுப் போய் நிண்டனீங்கள்.

— அட, அவளை விடு. அவள் ஒரு விசரி.

— ஏன் விசரி? பார்க்கிலை நடக்கப் போன மனுசி, தகட்டை வாசிச்சிட்டு, "ஐயோ, தவமணியக்கான்ரை மனுசன் செத்துப்போனாராம், எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" எண்டு சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி எல்லாம் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தவ. கதவைத் தட்டினால் திறந்தது ஆர்? சாரத்தைக் கட்டிக்கொண்டு நீங்கள்!

— சட்டியைக் கீழை விட்டாளே, அந்தச் சத்தத்துக்குக் கீழ் வீட்டுக்காரன் ஏறி வந்தவன்.

— சிரிக்காதேங்கோ.

— கத்தரிக்காய் நல்லாத்தான் இருந்தது. என்ரை செத்தவீட்டுச் சோற்றை நானே இருந்து தின்ற ஆள், இந்த ஸ்காபரோவிலை வேறை ஆர் இருக்கினம்?

— பகிடி விடாதேங்கோ எண்டு சொல்லுறனெல்லே! அது முடிஞ்சு சரியா எட்டாம் நாள் உங்களுக்கு நெஞ்சு நோ வந்தது. அம்புலன்சிலை ஏத்தேக்கை உங்கடை கை பனிக்கட்டி மாதிரிக் கிடந்தது. அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்த எனக்குத்தான் தெரியும்.

— அது கொலஸ்ரோல். டொக்டர் சொன்னவர்.

— டொக்டருக்கென்ன தெரியும்? நான் பொட்டும் தாலியுமாய் அந்த வாங்கிலை போய் இருக்கிறன், முதுகுக்குப் பின்னாலை என்ரை மனுசன் செத்துப்போனார் எண்டு எழுதிக் கிடக்கு. ஆரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி பூவும் வச்சிட்டுப் போறாள். உங்கடை பேருக்குப் பூ! எனக்கு நெஞ்சு பதறாதே? ஒண்டைக் குடுத்தாச்சு. மற்றதையும் குடுக்கச் சொல்லுறீங்களே?

— ... அழாதை தவம். இஞ்சை பார், கண்ணைத் துடை. வந்திட்டம். இறங்கு.

— நான் இறங்கேல்லை.

— அப்ப இரு. அஞ்சு நிமிசத்திலை நம்பரைக் குடுத்திட்டு வாறன்.

— இஞ்சேருங்கோ.

— என்ன?

— கதவைச் சாத்துங்கோ. குளிருது.

— சாத்தினால் நான் எப்பிடி இறங்கிறது?

— இறங்க வேண்டாம். சாத்துங்கோ... தகடு டிக்கியிலை கிடக்கு.

— எந்த டிக்கியிலை?

— எங்களிட்டை எத்தினை கார் கிடக்கு? இந்த டிக்கியிலைதான். ஸ்பெயர் ரயருக்குக் கீழை. என்ரை பழைய வீட்டுச் சோட்டித் துணியிலை சுத்தி வச்சிருக்கிறன்.

— தவமணி... ஆர் வச்சது?

— ஆர் வைக்கிறது? நான்தான்.

— உனக்கு ஆர் கழட்டித் தந்தது? அன்புராசாவோ?

— திரும்பவும் அன்புராசா! அவனுக்கு ஒரு கோதாரியும் தெரியாது. நான்தான் கழட்டினனான். உங்கடை ஸ்குரூ டிரைவரைக் காணேல்லை எண்டு வீட்டைத் தலைகீழாக்கினீங்களெல்லே, அது என்ரை ஹாண்ட் பாக்குக்கை கிடந்தது.

— நாலு ஸ்குரூ...

— ஒண்டு ஏற்கெனவே ஆடிக்கொண்டு நிண்டது. மற்றது ரெண்டும் சொன்ன சொல்லுக் கேட்டுது. கடைசிதான் வராமல் அடம்பிடிச்சுது. பூஞ்சாடிக்குத் தண்ணி விடுற ஆள் மாதிரிக் குந்தியிருந்து கழட்டினனான். ஒரு சீனக் கிழவர் நாயோடை வந்து, உதவி வேணுமோ எண்டு கேட்டவர். தாங்க் யூ எண்டு சொல்லி அனுப்பினனான்.

— கடவுளே. மூண்டு கிழமையாய் நான் பார்க் பார்க்காத் தேடித் திரியிறன், அதையும் ஏத்திக்கொண்டோ?

— வீட்டுக்குள்ளை எப்பிடி வைக்கிறது? சாமிப் படத்துக்குக் கிட்ட உங்கடை பேர் போட்ட செத்த தகடோ? எறியவும் மனம் வரேல்லை. பிள்ளைக்கெண்டு குடுத்ததெல்லே.

— கள்ளியைப் பக்கத்திலை இருத்திப் பொலிஸ் ஸ்டேசனுக்கு ஓடிக்கொண்டு வந்திருக்கிறன்.

— சொல்லுங்கோ, சொல்லுங்கோ. நானும் நேர்மையாத்தான் பாத்தனான். பித்தளைக் கள்ளர் திரியிறாங்கள் எண்டு ரீவியிலை சொன்ன அண்டைக்கு, "முருகா, இதையும் கொண்டு போகட்டும்" எண்டு நேத்தி வச்சனான். பத்து நாள் பாத்தன். பக்கத்து வாங்கிலை இருந்ததைக் கழட்டினாங்கள், பாலத்தடியிலை இருந்ததைக் கழட்டினாங்கள். இதை மட்டும் திரும்பியும் பாக்கேல்லை. கள்ளருக்கும் கண் தெரியாட்டி நான் என்ன செய்யிறது?

— ஹ... ஹஹ... முருகனிட்டைக் களவுக்கு நேத்தி வச்ச மனுசி நீ ஒருத்திதான்.

— சிரிச்சது காணும். அந்த நம்பர் எழுதின துண்டை எடுங்கோ.

— எடுத்தாச்சு.

— கிழியுங்கோ. சின்னனாய்... இன்னும் சின்னனாய்.

— காணுமே? அந்தப் பெடியனை மறிச்சு ஒரு நாளைக்குச் சோறு போடவேணும். பாவம், நான் நினைச்ச நினைப்புக்கு.

— போடுவம். இப்ப வீட்டை போவம்.

— வீட்டையில்லை. பார்க்குக்கு. இருட்ட முதல் தகட்டைத் திருப்பிப் பூட்டிப்போட்டுப் போவம். ஸ்குரூ வச்சிருக்கிறியெல்லே?

— என்னது?

— நீ எடுத்த இடத்திலை நான் பூட்டுறன். ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை.

— என்ரை உயிர் போனாலும் விடன். பூட்டுறதெண்டால் புதுசு அடிப்பிச்சுப் பூட்டுங்கோ. கஜீவன் எண்டு போட்டு.

— இல்லைத் தவம். அதுதான் இருக்க வேணும். அந்தச் சனம் குடுத்தது.

— அந்தச் சனத்தைக் கேட்டு மாத்துங்கோ எண்டு ஒண்டரை வருசமாய்க் கத்திறன். கேட்டனீங்களே?

— கேட்டனான். அப்ப இருந்த ஆக்கள் இப்ப ஒருத்தரும் அங்கை இல்லை. எல்லாரும் மாறிப் போச்சினம்.

— வேரோனிக்கா மாறேல்லை.

— உனக்கு எப்பிடி வேரோனிக்காவைத் தெரியும்?

— தகட்டைக் கழட்டிக்கொண்டு வந்த பிறகு மனம் குத்திக்கொண்டு கிடந்தது. நல்ல மனசிலை குடுத்ததுகள், ஒரு வார்த்தை சொல்லி, பேரை மாத்தித் தாங்கோ எண்டு நானே கேப்பம் எண்டு நினைச்சன். உங்கடை பழைய சம்பளத் துண்டிலை நம்பர் கிடந்தது. அடிச்சனான். பின்னேர ஷிப்டுக்குச் சுப்பவைசர் எண்டு அவவோடை கதைக்க விட்டாங்கள்.

— எப்ப அடிச்சனீ?

— போன வியாழன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை, "பார்க் பெஞ்ச், அருள்நாயகம்" எண்டன். அவ்வளவுதான். மனுசி "ஓ, அருள்" எண்டு அழத் தொடங்கிட்டா. நான் சொன்னன், அழாதேங்கோ, அருள்நாயகம் என்ரை மனுசன், சுகமாய் இருக்கிறார், வீட்டிலை படுத்திருக்கிறார் எண்டு. அவ "நோ, நோ, டியர்" எண்டா. "ஹீ வாஸ் ஜஸ்ற் எ கிட்", சின்னப் பெடியன்தானே எண்டா.

— தவம்... போதும்.

— போதாது. கேளுங்கோ. மொப்பைப் பிடிச்சுக்கொண்டு பாட்டுப் பாடுவானாம். ரீ பிரேக்குக்கு அந்த வாங்கிலை இருந்து, அவவின்ரை மகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறவனாம். அந்தப் பிள்ளை சோதினை பாஸாம். உங்களுக்குக் கணக்கெங்கை வரும்? நீங்கள் பாடினால் ஆர் நிப்பினம்? மனுசி ஆரையோ மாறி நினைச்சு அழுகுது எண்டு ஃபோனை வச்சிட்டன். வச்ச நாளிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை. என்ரை பிள்ளை லைப்ரரியிலை படிச்சுப்போட்டு, உங்களைக் கூட்டிக்கொண்டு வரத்தானே, கார் அடிச்ச அண்டைக்கு அந்த றோட்டைக் கடந்தவன்? அப்பிடித்தானே சொன்னனீங்கள்?

— ஓம். அப்பிடித்தான் சொன்னனான்.

— அப்ப என்னைப் பாருங்கோ. ஸ்டியரிங்கைப் பாக்காமல் என்னைப் பாருங்கோ. வேரோனிக்கா ஆருக்கு அழுதவ?

— கஜீவனுக்குத்தான்... அந்த இடத்துக்கு என்னை மாத்தின ரெண்டாம் நாளே இடுப்புப் பிடிச்சுப்போட்டுது, தவம். குனிய ஏலாது. வேலை போனால் மூண்டு பேரும் றோட்டிலை எண்டு நான் பாத்றூமுக்கை இருந்து அழ, "வேலைக் கார்ட்டைத் தாங்கோ அப்பா, உங்கை ஆர் முகம் பாக்கிறாங்கள்" எண்டு வாங்கிக்கொண்டு போனவன். உனக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியமும் வாங்கினவன். "மகன் மொப் பிடிக்கிறான் எண்டு தெரிஞ்சால் அம்மா சாப்பிடமாட்டா" எண்டவன். நாலு மாதம் அவன் என்ரை பேரிலை வேலை செய்தவன். நான் நீ கட்டித் தந்த சாப்பாட்டோடை வந்து, முன்னாலை கோப்பிக் கடையிலை குந்தியிருப்பன். முடிஞ்சு வந்து, "களைச்சுப் போனீங்களோ அப்பா" எண்டு என்னைப் பகிடி பண்ணித்தான் வீட்டை கூட்டிக்கொண்டு வருவான். அண்டைக்கும் கோப்பிக் கடைக்குத்தான், என்னட்டைத்தான், றோட்டைக் கடந்தவன். அங்கை இருந்த சனத்துக்கு என்னைத் தெரியாது, தவம். அதுகளுக்கு அருள்நாயகம் எண்டால் எங்கடை பிள்ளைதான்.